அப்புனு வாங்கிய பத்தாயிரம் லூமன்

வாடா அப்புனு, கட்டல்ல உக்காரு. போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு இட்டேரிக்குள்ள ரயிலு வர்ற மாதிரி ஒரு வெளிச்சம் வந்துச்சு. கட்டுத்தறியில மாடெல்லாம் எந்திரிச்சு நின்னுக்குச்சு. விமானந்தான் தடந்தெரியாம எறங்கீருச்சுன்னு உன்ற அமுச்சி சொன்னா. விமானத்துல எங்கடி தூக்குப்போசி தொங்கும்னு நான் கேட்டப்பறந்தான், பனியன் கம்பெனி ரெண்டாவது சிப்டு முடிச்சு சைக்கிள்ல வர்றது நம்ம பேரன்னு தெரிஞ்சுது.

அந்த லைட்டோட அட்டைய இன்னொருக்காப் படி. பத்தாயிரம் லூமன். பேட்டரி 9900 எம்.ஏ.எச். அடேங்கப்பா! பொண்ணு வீட்ல மாப்பளை சம்பளம் சொல்றப்பகூட இத்தன தெகிரியம் வராது.

சிரிக்காத. நாப்பது வருசம் கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் பெட்ரோமாக்ஸும் மைக்செட்டும் வாடகைக்கு உட்டவன் நானு. வெளிச்சத்த வித்துத்தான் உன்ற அம்மாளக் கட்டிக் குடுத்தேன். லைட்டுல ஆராச்சும் பொய் சொன்னா எனக்குக் காதுலயே கேக்கும்.

சரி, நான் சொன்னபடி அந்தப் பேட்டரியக் கம்பெனியில எடை போட்டியா? துணிய வட்டமா வெட்டி ஜி.எஸ்.எம். பாப்பீங்கல்ல, அந்தத் தராசுல? எத்தன? 29 கிராமா? அப்படிச் சொல்லு! இந்தச் சைசுப் பேட்டரிக்கு 18650-ன்னு பேரு. 18 மில்லிமீட்டர் தடி, 65 மில்லிமீட்டர் நீளம். ஒழுங்கா உள்ள சரக்கு இருந்தா 45 கிராமச் சுத்தி நிக்கோணும். மீதி 16 கிராம் எங்க போச்சு? காத்துத்தான். காத்துக்கும் சேத்து எந்நூறு ரூவா குடுத்திருக்கற நீ. இந்தச் சைசுல நல்ல கம்பெனிக்காரனே 3500-ஐச் சுத்தித்தான் எழுதுவான். 9900-ன்னு போட்டிருந்தா அதைப் பேட்டரின்னு எடுக்காத, நாடகத்துக் கிரீடம்னு நெனச்சுக்க.

லூமன் கதையும் கேட்டுக்க. லைட்டுல இருந்து வெளிய வர்ற மொத்த வெளிச்சத்துக்குப் பேரு லூமன். எல்.ஈ.டி. ஒரு வாட்டு தின்னுட்டு ஏறக்கொறைய நூறு லூமன் கக்கும். பத்தாயிரம் வேணும்னா நூறு வாட்டு தீனி போடோணும். நேர்மையான 2600 எம்.ஏ.எச். பேட்டரின்னா 2.6 ஆம்பியர் மணி, அத 3.7 வோல்ட்டுல பெருக்கிப் பாரு, பத்து வாட்டு மணி நேரங்கூட முழுசா வராது. அப்ப அந்தப் பத்தாயிரம் லூமன் அஞ்சாறு நிமிசத்துல காலி. கம்பெனி கேட்டு தாண்டி டீக்கடைக்குக்கூட வந்து சேராது. அந்தச் சூட்டுல அமுச்சி ஒரு தோசை வேணா ஊத்திக்கலாம்.

அதே பேட்டரியில 500 லூமன் எரிய உட்டா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொறைச்சலா வரும். 200-க்கு எறக்கினா நாலு மணி நேரத்துக்கு மேல. உன்ற தடம் எத்தன நேரம்? முக்கா மணி. ரோட்டுல விளக்குக் கம்பம் இருக்கற எடத்துல 200 போதும், இட்டேரிக்குள்ள திரும்பறப்ப 500. ஒருக்கா சார்ஜ் போட்டா ரெண்டு மூணு ராத்திரி ஓடும். நம்மூரு குழிக்கும், வெளக்கில்லாம வர்ற கரும்பு டிராக்டருக்கும் இதுக்கு மேல என்னத்துக்கு?

நாங்க டைனமோவுல ஓட்டினவங்கடா. ஆறு வோல்ட்டு, மூணு வாட்டு. டயர்மேல சாச்சு உட்டா முதுகுல ஒரு ஆளு ஏறி உக்காந்த மாதிரி இழுக்கும். நின்னா வெளக்கும் நின்னுபோகும். வெளக்கில்லாமப் போனா போலீஸ்காரரு வால்வ் டியூபப் புடுங்கி உட்ருவாரு, காத்தில்லாத சைக்கிளத் தள்ளிக்கிட்டே ஊட்டுக்கு வரோணும். அப்பக்கூட எதுத்தாப்புல வர்றவன் கண்ணு எங்களால குருடானதில்ல.

அங்கதான் உன்ற மேல கோவம். நேத்து எதுத்தாப்புல வந்த பால்காரரு மூஞ்சியக் கையால மறைச்சுக்கிட்டு வேலி முள்ளுக்குள்ள போயி நின்னாரு. பாதி வெளிச்சம் அவரு கண்ணுல, பாதி பனமரத்துக் காக்காய்க்கு. உன்ற முன் சக்கரத்துக்கு என்ன மிச்சம்? ஜெர்மனிக்காரங்க சைக்கிள் வெளக்குக்கே சட்டம் போட்டு வெச்சிருக்கறாங்க. கோடு கிழிச்ச மாதிரி மேல வெளிச்சம் வெட்டுப்பட்டு நிக்கோணும், ரோட்டுல மட்டும் உழுகோணும். அந்த மாதிரி கண்ணாடி வெச்ச லைட்டு கெடச்சா ரூவா கூடக் குடுத்து வாங்கு. கெடைக்காட்டி இருக்கறதக் குனிய வெய்யி. செவுத்துல இருந்து அஞ்சு மீட்டர் தள்ளி சைக்கிள நிறுத்து. லைட்டு ஒரு மீட்டர் ஒசரத்துல இருந்தா, வெளிச்சத்தோட நடு செவுத்துல அரை மீட்டர் ஒசரத்துல உழுகோணும். அப்பத்தான் ரோட்டுல பத்து மீட்டர்ல தொடும். இருவது கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு நொடிக்கு அஞ்சரை மீட்டர் ஓடற. நாயப் பாத்து, நெனச்சு, பிரேக்கப் புடிக்கக் கிட்டத்தட்ட ரெண்டு நொடி வேணுமா இல்லையா?

பின்னால செவப்பு லைட்டு இல்லவே இல்ல, பாத்தேன். முன்னால சூரியன், பின்னால அமாவாசை. லாரிக்காரன் உன்ற பின்னாலதான வருவான்? பழைய சைக்கிள்ல பின் மட்கார்டுல வெள்ளை பெயிண்ட் அடிச்சு வருமே, அது என்ன அழகுக்கா? ஒரு செவப்பு லைட்டும் ரிப்ளெக்டரும் நாளைக்கே மாட்டு.

சார்ஜ் விசியம். தலகாணிக்கு அடியில வெச்சுத் தூங்கற பழக்கத்த உட்டுரு. வெய்யில்ல நின்ன வண்டியில இருந்து எடுத்தவொடனே கொதிக்கக் கொதிக்கச் சார்ஜ் போடாத. மழையில வந்தா சார்ஜ் ஓட்டையத் தொடச்சுட்டுப் போடு, ரப்பர் மூடிய மறக்காம அழுத்து. வீங்கினது, நசுங்கினது கைலயே தொடாத. முழுசா வத்த உட்டு உட்டுச் சார்ஜ் போட்டா ஆயுசு கொறையும், மாட்டுக்குத் தவுடு வெக்கற மாதிரி அப்பப்ப வெய்யி.

கெழவன் பேச்சுன்னு தள்ளிராத. இந்த லித்தியம் பேட்டரிக்கு வழி கண்டவங்கள்ல குட்இனஃப்னு ஒருத்தரு. 2019-ல நோபல் பரிசு வாங்கறப்ப அவருக்கு 97 வயசு. நான் இன்னும் எளவட்டந்தான்.

மறுக்காக் கடைக்குப் போறப்ப தராசப் பையில போட்டுக்கிட்டுப் போ. நல்லதா ரெண்டு வாங்கு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எனக்கு, ராத்திரி மோட்டாரு போடப் போறப்ப கெணத்தடியில பாம்பு தெரிய மாட்டீங்குது.