கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு சாஃப்ட்பால் டீம்

சாஃப்ட்பால் ஆட வேண்டும் என்ற ஆசையோடு கல்லூரியில் வந்து சேர்ந்த பெண் ஒருத்தியை நான் இன்னும் பார்க்கவில்லை. கபடி டீமில் இடம் கிடைக்காதவள் வருவாள். வாலிபாலுக்கு உயரம் பத்தாதவள் வருவாள். மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வியே, "மேம், ஓ.டி. கிடைக்குமா?" என்பதுதான். ஓ.டி. என்றால் ஆன் டூட்டி. மேட்சுக்குப் போன நாளுக்கும் வகுப்பில் வருகைப் பதிவு உண்டு. 75 சதவீத அட்டெண்டன்ஸ் என்று விதி எழுதிய புண்ணியவான் யாரோ, என் டீமில் பாதிப் பேரை அனுப்பி வைத்தவர் அவர்தான்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நான் பிசிகல் டைரக்டர். டைரக்டர் என்று பெயர் இருந்தாலும் காலையில் நான் டைரக்ட் செய்வது ஆடுகளைத்தான். அவற்றை விரட்டி, மைதானத்தில் வட்டம் போட்டு ஸ்கூட்டர் பழகுகிறவரைக் கும்பிட்டு அனுப்பி, நெருஞ்சி முள் பொறுக்கி, சுண்ணாம்புத் தூளில் கோடு போட வேண்டும். பேஸுக்கும் பேஸுக்கும் 60 அடி. பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 43 அடி. டேப்பை வைத்து அளந்து நிமிரும்போது ஊர்ப் பையன்கள் ஸ்டம்போடு வந்து நிற்பார்கள். "மேம், எப்போ முடிப்பீங்க?" நான் ஆரம்பிக்கவே இல்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. செகண்ட் பேஸ் தண்ணீருக்குள் போய்விடும். மைதானத்துக்குப் போட்டி போடத் தவளைகள் மட்டும்தான்.

சாமான்கள் விஷயம் தனி. 1887-இல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பில் உட்கார்ந்து, யேல் – ஹார்வர்டு மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருந்த வாலிபர்களில் ஒருவர் குஷியில் பழைய பாக்ஸிங் கையுறையைத் தூக்கி வீச, இன்னொருவர் அதைக் கட்டையால் அடிக்க, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே சுருட்டிக் கட்டிப் பந்தாக்கினார் என்பது இந்த ஆட்டத்தின் பிறப்புக் கதை. பந்து கையுறை, மட்டை துடைப்பக் கட்டை. எங்கள் ஸ்போர்ட்ஸ் ரூமைத் திறந்து பார்த்தால் சரித்திரம் அதற்கு மேல் ஒரு அடி நகர்ந்ததாகத் தெரியாது. மீரட்டிலிருந்து புதுக் கையுறை வந்தால் அன்று பூஜை போடாத குறைதான். வலதுகைக்காரி கையுறையை இடது கையில் மாட்ட வேண்டும் என்பதைப் புரியவைக்கவே ஒரு செமஸ்டர் ஓடிவிடும்.

மேட்சுக்குச் சென்னைக்கு லோக்கலில்தான் போவோம். டீம் ஒரே இடத்தில் ஏறாது. கவரைப்பேட்டையில் ஒருத்தி, பொன்னேரியில் இரண்டு பேர், மீஞ்சூரில் ஒருத்தி என்று தவணையில் ஏறும். அத்திப்பட்டு தாண்டினால்தான் ஒன்பது பேர் தேறுமா என்று எனக்கே தெரியும். ஒருமுறை பொன்னேரியில் பழவேற்காட்டு மீன் கூடையோடு ஏறிய அம்மா எங்கள் பேட்டுகளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, கிரிக்கெட்டா?"

"இல்லம்மா, சாஃப்ட்பால்."

"அது இன்னாது?"

சொன்னேன். பேட் உண்டு, ஸ்டம்ப் கிடையாது. ஓவர் கிடையாது, ஏழு இன்னிங்ஸ் உண்டு. கையைக் காத்தாடி மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விட வேண்டும். நாலு மூலையையும் தொட்டுவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்தால் ஒரு ரன். சொல்லி முடிப்பதற்குள் எண்ணூர் வந்துவிட்டது. அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கிரிக்கெட்டுதான்" என்றார். "ஆமாம்மா, கிரிக்கெட்டுதான்" என்றேன். பக்கத்தில், கேட்சரின் முகக்கவசம் பைக்குள் அடங்காமல் அவள் தலை மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் ஒருவர் அவளைப் பார்த்து, "எந்தக் கம்பெனிம்மா? வெல்டிங்கா?" என்று கேட்டார். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் உள்ள ஊர்க்காரர், கேள்வியில் தப்பில்லை. இவளும் அலட்டிக்கொள்ளாமல், "ட்ரெய்னிங்ணா" என்றாள்.

கிரிக்கெட்டை மறக்க வைப்பதுதான் என் வேலையில் பாதி. பந்தை அடித்தால் பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். என் பெண்கள் பேட்டோடு ஓடுவார்கள். ஓடிப் போய் ஃபர்ஸ்ட் பேஸில் பேட்டை நீட்டி மண்ணைக் கீறிவிட்டு, ரெண்டாவது ரன்னுக்காக ஹோம் பிளேட்டுக்கே திரும்பி வந்த மகராசியும் உண்டு. பந்து பேட்டின் விளிம்பில் பட்டுப் பின்னால் பறந்தால் ஃபவுல். அதற்குத்தான் வேலியோரம் நிற்கும் அப்பாமார் விசில் அடிப்பார்கள். அவர்கள் கணக்கில் அது ஃபைன் லெக்கில் நாலு.

இதெல்லாம் பழகிப் போகும். இந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து வீட்டில் எதையெல்லாம் செய்யாதே, செய்யாதே என்று சொல்லி வளர்த்தார்களோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் செய் என்கிறது இந்த ஆட்டம். கஷ்டமே அதுதான். கத்து என்கிறது. மண்ணில் புரளு என்கிறது. எதிரி அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸைத் திருடு என்கிறது.

முதலில் கத்துவதை எடுத்துக்கொள்வோம். பந்து உயரமாகப் போனால் பிடிக்கப் போகிறவள் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். எங்கள் மைதானத்தில் மூன்று பேர் ஓடி வந்து, மூன்று பேரும் மரியாதையாக, "நீ புடி" என்பார்கள். பந்து நடுவில் விழும். மூவரும் அதைச் சுற்றி நின்று "ஸாரிடி" சொல்லிக்கொள்வார்கள். இந்தப் பண்பாட்டை உடைக்க, பந்தே இல்லாமல் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குப் பேர் சொல்லிக் கூப்பிடும் பயிற்சி ஒன்று வைத்தேன். லைப்ரரியிலிருந்து புகார் வந்தது. வரட்டும். அப்போது வாயே திறக்காத ஒரு ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்டு பேஸுக்கும் நடுவில் நிற்கிறவள், இப்போது ஒரு கம்பெனியில் லைன் லீடர். அவள் ஒரு சத்தம் போட்டால் ஃபோர்க்லிஃப்ட் நின்றுவிடுமாம். சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு பெருமை. எனக்கும்தான். கோப்பை வைக்க வாங்கிய அலமாரியில் இன்னும் ஃபைல்தான் இருக்கிறது என்பதால் இந்த மாதிரிச் செய்திகளைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்லைடு இன்னும் மோசம். பேஸை நெருங்கும்போது சறுக்கி விழ வேண்டும். "பேண்ட்டு கிழிஞ்சா எங்கம்மா கொன்னுடும் மேம்." நியாயம். போர் தண்ணீரில் அந்தக் கறை போகாது. துவைக்கப் போவது நான் அல்ல, அவள் அம்மா. ஆகவே தார்ப்பாய் விரித்து சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பழக்கினேன். அன்று பார்க்க வேண்டும்! வரிசை கட்டி விழுந்தார்கள். டீமில் இல்லாதவர்களும் வந்து விழுந்தார்கள். மூன்றாவது பீரியடில் ஒரு துறைத் தலைவர் போன் செய்து, ஈரம் சொட்டச் சொட்ட எட்டுப் பேர் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாகத் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். மறுநாள் தார்ப்பாயை எடுத்தேன். ஒருத்தியும் விழவில்லை.

எங்கள் பிட்சர் இருபது பந்து போட்டால் தோளைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு யுகிகோ உவேனோ கதையைச் சொன்னேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரெண்டு நாளில் 413 பந்து வீசி ஜப்பானுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். அடுத்த ரெண்டு ஒலிம்பிக்கில் சாஃப்ட்பாலையே எடுத்துவிட்டார்கள். 2021-இல் டோக்கியோவில் திரும்பச் சேர்த்தபோது 39 வயதில் வந்து மறுபடி தங்கம். கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். "அவங்க காலையில குடத்துல தண்ணி புடிச்சிட்டா மேம் வந்தாங்க?" என்றாள். பாரிஸில் மறுபடி தூக்கிவிட்டார்கள் என்பதை நான் சொல்லவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸில் திரும்பி வருகிறது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் இல்லை. ஆட்டம் சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஓக்லஹோமா சிட்டியில், அங்கே ஏற்கெனவே ஒரு நல்ல சாஃப்ட்பால் மைதானம் இருப்பதால். ஒலிம்பிக்குக்கே கிரவுண்டு கிடைக்கவில்லை என்று படித்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி மாளாது.

இப்படிப் பழக்கி எடுத்த பெண்களுக்கோ ஆவணியில் கல்யாணம், தையில் கல்யாணம். ஷார்ட்ஸ்டாப்பாகப் பார்த்துப் பெண் கேட்கிறார்களோ என்று சந்தேகம். அதை விடுங்கள், திருட்டுக்கு வருகிறேன்.

சாஃப்ட்பாலில் திருட்டுக்கும் ஒழுங்கு உண்டு. பேஸ்பால் மாதிரி முன்கூட்டியே நாலடி தள்ளி நிற்க முடியாது. பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பின பிறகுதான் காலை எடுக்கலாம். எங்கள் சென்டர் ஃபீல்டர் காலையே எடுக்க மாட்டாள். நல்ல ஓட்டக்காரி. ஆனால் நான் "போ" என்றால் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு பேஸைப் பார்ப்பாள், பிறகு எதிர் டீம்காரியிடம் அனுமதி கேட்பது போல அவளையும் பார்ப்பாள்.

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. இன்னொரு கல்லூரியோடு பயிற்சி ஆட்டம். அம்பயர் எங்கள் கெமிஸ்ட்ரி சார். ஐந்து இன்னிங்ஸ் முடிவில் ஏழு ரன் பின்தங்கினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று விதி. நாங்கள் ஐந்தாவதில் ரெண்டு அவுட்டோடு சரியாக ஏழு ரன் பின்னால். சென்டர் ஃபீல்டர் தேர்டு பேஸில். பிட்சர் பந்தை விட்டாள், கேட்சர் பிடித்தாள். மணி 2.35.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3 கிளம்பியது. வடகிழக்கில் நெருப்பு ஏறியதும் மொத்த மைதானமும் தலையைத் தூக்கியது. கேட்சர் பந்தைக் கையுறையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள். பிட்சர் கைதட்டினாள். கெமிஸ்ட்ரி சார் நெற்றியில் கை வைத்து, "லிக்விட் ஸ்டேஜ் இனிமேதான்" என்று யாருக்கோ பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கீழே பார்த்தால், எங்கள் சென்டர் ஃபீல்டர் ஹோம் பிளேட்டின் மேல் நிற்கிறாள். யார் முகத்தையும் பார்க்காமல் வந்திருக்கிறாள்.

எதிர் டீம் கோச் சண்டைக்கு வந்தார். டைம் சொல்லியாச்சா? இல்லை. பந்து பிட்சர் கைக்குத் திரும்பிவிட்டதா? இல்லை. ராக்கெட் போனால் ஆட்டம் நிற்கும் என்று ரூல் புக்கில் இருக்கிறதா? அவர் நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். கெமிஸ்ட்ரி சார், "மேல போனதைப் பார்த்தேன் மேடம், இந்தப் பொண்ணு வந்ததைப் பார்க்கலையே" என்று இழுத்தார். கடைசியில் கேட்சரே, "பந்து என்கிட்டதான் சார் இருந்துது" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். ரன் கொடுத்தார்கள்.

வித்தியாசம் ஆறாகக் குறைந்தது. அதனால் ஆட்டம் முடியவில்லை. ஆறாவது இன்னிங்ஸ் பூராவும் வெயிலில் நின்று இன்னும் ஐந்து ரன் வாங்கிக் கட்டிக்கொண்டு, அதன் பிறகுதான் தோற்க விட்டார்கள். ஸ்கோர் நோட்டில் அந்த ஒரு ரன்னுக்கு எதிரே, எப்படி வந்தது என்று குறிக்கும் கட்டத்தில், எங்கள் ஸ்கோரர் பேனாவால் அழுத்தமாக எழுதியிருந்தாள்: ராக்கெட்.