காணா ஓட்டுநர் இயல்: தனியார் பார்க்கிங் சீட்டும் மறுப்புக் கடித மரபும்

இவ்வாய்வு நுதலிய பொருள் யாதெனின், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் பார்க்கிங் நிறுவனங்கள் கார்க்காரர்களுக்கு எழுதும் கடிதங்களும், அவற்றுக்குக் கார்க்காரர்கள் எழுதும் மறுப்புகளுமாம். இவ்விலக்கியத்தைப் படித்து வயிறெரிந்தோர் பலர்; உரை கண்டோர் இலர். அக்குறை தீர்க்கப் புகுந்தோம்.

முதற்கண், மூல நூலையும் போலி நூலையும் பிரித்தறிய வேண்டும். நகராட்சி அனுப்பும் பார்க்கிங் சீட்டும் பி.சி.என்.; தனியார் அனுப்புவதும் பி.சி.என். நகராட்சியின் ‘பி’ அபராதத்தைக் குறிக்கும்; தனியாரின் ‘பி’ வெறும் பார்க்கிங். முன்னது சட்டம் விதித்த தண்டம். பின்னது, கம்பத்தில் தொங்கிய பலகையைப் படித்து நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை மீறியதற்கான பில். படிக்கவே இல்லையே எனின், படிக்கும்படி வைத்திருந்தால் போதும் என்க. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவது தற்செயல் என்பாரும் உளர். அது எமக்கு உடன்பாடன்று.

இம்மரபுக்கு முன் இரும்புக் காலம் ஒன்று இருந்தது. சக்கரத்தில் பூட்டை மாட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். இது திருட்டு, மிரட்டிப் பணம் பறித்தல் என்று ஸ்காட்லாந்து உயர் நீதிமன்றம் 1992இலேயே சொல்லிவிட்டது. தெற்கே 2012 அக்டோபர் 1 வரை பூட்டு தொங்கியது. பூட்டைப் பிடுங்கிய அதே சட்டம் நிறுவனங்களின் கையில் பேனாவைக் கொடுத்தது. ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால், கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே கேட்கலாம். முகவரியை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. காருக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொண்டு தரும்.

ஆனால் நிபந்தனை உண்டு. காரைக் கேமரா மட்டுமே பார்த்திருந்தால், 14 நாளுக்குள் கடிதம் பதிவுக்காரரிடம் சேர வேண்டும். பிந்தினால் அவர் தப்பினார், ஓட்டியவர்தான் பொறுப்பு. ஓட்டியவர் யார்? நிறுவனத்துக்குத் தெரியாது. ஆகவே இவ்விலக்கியத்தின் உயிர்நாடி தோன்றா எழுவாய். ‘காரை நிறுத்தியாயிற்று. பிள்ளை வாந்தி எடுத்தது. துடைத்தாயிற்று. புறப்பட நேரமாயிற்று.’ ஆங்கிலேயர் இதற்குச் செயப்பாட்டு வினையைத் தேடி ஓட வேண்டும். எழுவாயை விழுங்குவது தமிழருக்குப் பிறவிக் குணம். ஹாரோவில் ஒரு சாப்பாட்டு மேசையில், பிந்தி வந்த கடிதமொன்றை நடுவில் வைத்து நிகழ்ந்த உரையாடல் காண்க:

“மாமா, நான்தான் ஓடினனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எழுதட்டே?”

“விசரே உனக்கு? கார் நிண்டது எண்டு எழுது. ஆர் கொண்டுபோய் விட்டது எண்டு நாங்கள் ஏன் சொல்லுவான்?”

தொல்காப்பியர் இருந்திருந்தால் மாமாவுக்கு ஒரு நூற்பா ஒதுக்கியிருப்பார்.

இனி, தொகை குறித்த பெருவிவாதம். செம்ஸ்போர்டு நகரின் கடைவளாகம் ஒன்றில் 2 மணி நேரம் பார்க்கிங் இலவசம். மீன் வறுவல் கடைக்காரரான பீவிஸ் 56 நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டார். கேட்டது 85 பவுண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. ஒப்பந்தத்தை மீறினால் எவ்வளவு பிடுங்கலாம் என்பதை அதுவரை ஆண்டது 1915ஆம் ஆண்டின் தீர்ப்பு; அதுவும் டயர் விற்பனை பற்றியது என்பது காவிய நயம். பல கோடி டாலருக்கு விற்கப்பட்ட விளம்பர நிறுவனத்தின் வழக்கோடு சேர்த்து, 7 நீதிபதிகள் இந்த 85 பவுண்டையும் விசாரித்தார்கள். 2015 நவம்பர் 4 அன்று 6 பேர் தொகை சரியே என்றார்கள், ஒருவர் மறுத்தார். ‘எனக்கு நேரமானதால் உனக்கென்ன நட்டம்?’ என்ற பழைய வாதம் அன்றோடு வழக்கொழிந்தது. இன்றும் அதை எழுதுவோர் உளர், தோற்போரும் அவரே.

அவ்வழக்கில் எம்மைக் கவர்ந்தது வேறொரு செய்தி. பார்க்கிங் நிறுவனம் நில உரிமையாளருக்கு வாரம் 1,000 பவுண்டு கொடுத்து வந்தது. காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது உலக வழக்கு. இங்கே காவலாளி சம்பளம் கொடுக்கிறான். எல்லாரும் நல்ல பிள்ளையாக 2 மணி நேரத்தில் கிளம்பிவிட்டால் அவன் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டியதுதான். மறுப்புக் கடிதத்தை முதலில் படித்துத் தீர்ப்புச் சொல்பவனும் அவனே என்பதை இங்கு நினைவில் இருத்துக.

சங்க வரலாறு சுருக்கமானது. நிறுவனங்களுக்குச் சங்கம் இரண்டு. மேல்முறையீட்டு மன்றமும் ஆளுக்கொன்று. பழைய சங்கத்தின் மன்றம் பாப்லா. அதன் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டும், கார்க்காரரைக் கட்டாது. ஆனால் அங்கே போனால் 14 நாளுக்குள் கட்டுவோருக்கான 40 விழுக்காட்டுச் சலுகை பொதுவாகப் போய்விடும். 60 பவுண்டோடு போக வேண்டியது 100இல் நிற்கும். இரு சங்கங்களுக்கும் பொதுவாக அரசு 2022 பிப்ரவரியில் ஒரு விதிநூல் வெளியிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறவே, ஜூனில் அந்நூலைக் கடல் கொண்டது. 2024இல் சங்கத்தார் தாமே கூடித் தமக்கு ஒரு நூல் யாத்துக்கொண்டனர்.

எஞ்சியது பாடபேதம். பிரித்தானிய நம்பர் பிளேட்டில் ‘ஓ’ என்ற எழுத்துக்கும் சுழியத்துக்கும் வடிவம் ஒன்றே. இன்றைய அமைப்பில் 3ஆம், 4ஆம் இடத்தில் வருவது எண். மற்ற இடங்களில் எழுத்து. இது தெரியாமல் இயந்திரத்தில் மாற்றித் தட்டியவர், காசு கட்டியும் கட்டாதவர் ஆவார். இத்தகைய சிறுபிழையை மன்னிக்கச் சங்க விதியில் இடமுண்டு. ரசீதைக் கிழித்தெறிந்தவருக்கு அந்த இடத்தால் பயனில்லை.

இதனினும் நுட்பமானது இடைச்செருகலின் மறுதலை. ஒருவர் காலையில் வந்து போகிறார். மாலையில் மீண்டும் வந்து போகிறார். நடுவிலிருந்த வெளியேற்றத்தையும் நுழைவையும் கேமரா தவறவிட்டால், முதல் வரவும் கடைசிப் போக்கும் ஒட்டிக்கொண்டு 9 மணி நேர வாசம் ஆகிவிடும். மறுக்கச் சொல்வன்மை உதவாது. அன்று மத்தியானம் வேறொரு பேட்டையில் பெட்ரோல் போட்ட ரசீது வேண்டும், அல்லது கொத்துரொட்டிக் கடை பில். எண்ணெய் படிந்திருந்தாலும் நேரம் தெரிந்தால் போதும்.