திமிரிச் சிவப்பு: ஒரு பழைய கணினியின் பிழைப் பதிவேட்டை முன்வைத்து

இவ்வாய்வுக்கு மூலம் ஒன்றே ஒன்று. ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில், திமிரியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மேசைக்கடியில் கிடக்கும் கணினி. பட்டா நகல், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகும் பெண்களின் பயோடேட்டா, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ் எல்லாம் இதில்தான் பிறக்கின்றன. விண்டோஸ் 7 காலத்தில் வாங்கியது. 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு விண்டோஸ் 10 இலவசம் என்றார்கள், மாறியது. 2025 அக்டோபர் 14-இல் அந்த விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இதன் போர்டில் இல்லை. இனி மாற்றத்துக்கு இடமில்லாததால் இக்கணினி செவ்வியல் தகுதி பெற்றுவிட்டது என்பது நம் முடிபு.

கடைக்காரர் தந்த வாய்மொழித் தரவு வருமாறு: “சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார். அப்பப்போ அதுவா ஆஃப் ஆயிடுது. உள்ள போய்ப் பாத்தா ஒரே செவப்பா கீது.” ‘உள்ள’ என்று அவர் சுட்டியது ஈவென்ட் வியூவரை. 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்தது முதல் இது என்டி வழிவந்த ஒவ்வொரு விண்டோஸிலும் இருந்துவருகிறது. கணினி தனக்கு நேர்ந்தது அனைத்தையும் நேரம், எண், நிறம் போட்டு இதில் எழுதிவைக்கும். நீலம் தகவல், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு பிழை. நம் கருதுகோள்: திமிரியைப் பொறுத்தவரை சிவப்பின் அளவும் ஆபத்தின் அளவும் தலைகீழ் விகிதத்தில் உள்ளன.

முன்னாய்வாளர்களைக் குறிப்பிடாமல் போவது மரபன்று. இவ்வட்டாரத்தில் மூன்று மரபினர் உளர். ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பொன்முலாம் பூசிய பற்களைத் தேய்த்து, ஊதி, மறுபடி செருகுவோர் முதல் மரபினர். இவர்களை எள்ளுவோர் உண்டு. ஆனால் படிந்த கறை போனால் தொடர்பு சரியாகும் என்பதால் இவர்கள் பாதி நேரம் வென்றுவிடுகிறார்கள். அணைத்துப் போடுவோர் இரண்டாம் மரபினர். இவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நோய் எதுவென்றாலும் “ஃபார்மட் அடிச்சுடலாம்ணா” என்போர் மூன்றாமவர். ஆய்வுலகுக்கு இவர்கள் செய்த தீங்கைப் பின்னர் காண்போம்.

மூலத்தில் அதிகம் பயின்றுவரும் எண் 41. ஆதாரம்: கெர்னல்-பவர். தரம்: ‘கிரிட்டிக்கல்’, அதாவது பிழையிலும் பெரும்பிழை. பொருள்: ஒழுங்காக மூடாமலே இந்தக் கணினி மறுபடி தொடங்கியிருக்கிறது. இதற்கு இணையாக வரும் 6008, சென்ற முறை மூடியது எதிர்பாராதது என்று நேரத்தோடு சொல்லும். செத்த பொருளுக்குச் செத்த நேரம் எப்படித் தெரியும் என்று ஐயுறுவோர் அறிக: உயிரோடிருக்கையில் கணினி அவ்வப்போது ‘இந்நேரம் இருந்தேன்’ என்று குறித்து வைக்கிறது, மறுபடி எழும்போது கடைசிக் குறிப்பைப் பார்த்துத் தன் இறப்பைத் தானே பதிகிறது.

திமிரியில் இது ஏன் மிகுதி? கடையில் யூபிஎஸ் உண்டு; அதன் பேட்டரி செத்து நெடுநாளாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது, மேலே சாமி படம் இருக்கிறது, கரண்ட் போனால் எல்லாம் சேர்ந்து போகின்றன. உள்ளே இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. இரண்டு மூன்று ஆண்டில் ஓய்ந்துவிடும் சாதி. ஆக, கணினியின் நோய் என்று காட்டப்பட்ட சிவப்பு அத்தனையும் ஊரின் மின்சார வரலாறே அன்றி வேறல்ல என எழுதி முடித்திருப்போம், நிகழ்வு 41-இன் ‘விவரம்’ என்ற பக்கத்தைத் திறக்காமல் இருந்திருந்தால்.

அங்கே இரண்டு சிறு வரிகள் உள்ளன. ஒன்று ‘பக்செக் கோட்’. அது பூஜ்யமல்ல என்றால் நீலத்திரை வந்து கணினி விழுந்தது என்று பொருள். மற்றது ‘பவர்பட்டன் டைம்ஸ்டாம்ப்’. இரண்டும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், அல்லது கணினிக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டி சாகப் போகிறது. இரண்டாவது மட்டும் பூஜ்யமல்ல என்றால், யாரோ ஒரு விரல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறது. கடைப் பையனின் வாக்குமூலம்: “நான் ஒண்ணும் பண்ணலணா, கரண்ட் போச்சு.” மூலபாடம் வேறு சொன்னது. மாலை வேளைகளில், கம்பெனி பஸ் வந்து கூட்டம் சேர்ந்து, பிரிண்ட் நடுவில் சிஸ்டம் ஹேங் ஆன நேரங்களில் எல்லாம் அந்த வரியில் நீண்டதோர் எண் இருந்தது. வாய்மொழி மரபுக்கும் எழுத்து மரபுக்கும் முரண் வந்தால் எதைக் கொள்வது என்ற பழைய வழக்கு இங்கே பையனுக்கு எதிராகத் தீர்ந்தது. அவனைத் திட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் பரிந்துரைத்தோம். ஹேங் ஆன கணினியை வேறு எப்படித்தான் அணைப்பது?

அந்த நீண்ட எண்ணைப் படிக்கும் முறை தனி ஆய்வுக்குரியது. விண்டோஸ் காலத்தை 1601 ஜனவரி 1-லிருந்து எண்ணுகிறது, நொடிக்கு ஒரு கோடி வீதம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி பட்டயம் தந்தது 1600 டிசம்பர் 31. அதாவது கம்பெனி பிறந்த மறுநாள் விண்டோஸின் காலம் பிறக்கிறது. அந்தக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் 1751 செப்டம்பரில் ஆற்காட்டைப் பிடித்த கையோடு, தப்பிய படையைத் தேடித் திமிரிக்கே வந்தார். கோட்டைக்குள் இருந்தவர்கள் பணியவில்லை, மதிலை உடைக்கும் பெரிய பீரங்கி அவரிடம் இல்லை, திரும்பிவிட்டார். இன்றைய பதிவேட்டு நடையில்: ‘தேவையான சாதனம் கிடைக்கவில்லை. செயல் கைவிடப்பட்டது.’ இவற்றுக்குள் உறவு உண்டு என நிறுவ முயன்றோம். 1600-இல் இங்கிலாந்து ஜூலியன் நாட்காட்டியில் பத்து நாள் பின்தங்கி இருந்தது என்று ஒரு நண்பர் கிளப்பியதால் அப்பகுதி நீக்கப்பட்டது. (400 ஆண்டுக்கொரு முறை திரும்பும் கிரிகோரியன் சுழற்சி 1601-இல் தொடங்குவதுதான் உண்மைக் காரணம். அது சுவையற்றது.)

அடுத்து 10016. டிஸ்ட்ரிபியூட்டட் காம் என்ற பகுதி, யாரோ எதற்கோ அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை என்று வாழைப்பூ உரிப்பதுபோல் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாய் எழுதித் தள்ளுகிறது. விண்டோஸ் 10-இன் முற்பதிப்புகளில் சிவப்பாக வந்தது, பிற்பதிப்புகளில் மஞ்சளானது. இது இயல்பான நடப்பே, பொருட்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதிவிட்டது. பொருட்படுத்த வேண்டாததை ஏன் பதிய வேண்டும் என்ற கேள்விக்கு உரை கிடைக்கவில்லை.

ஆனால் இந்தப் பொருளற்ற சிவப்பை வைத்துப் பிழைத்தோர் உண்டு. ‘மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்’ என்று இந்தியக் கால்சென்டர்களிலிருந்து அமெரிக்க, ஆங்கிலேய முதியவர்களுக்கு அழைத்தவர்கள் முதலில் திறக்கச் சொன்னது இந்த ஈவென்ட் வியூவரைத்தான். ‘எத்தனை சிவப்பு இருக்கிறது, எண்ணுங்கள்.’ அவர்கள் எண்ணினார்கள். எல்லாம் வைரஸ் என்று சொல்லிக் காசு பறிக்கப்பட்டது. நல்லாயிருக்கும் கணினியிலும் சிவப்பு இருக்கும் என்ற ஒரே ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்தத் தொழிலே நடந்திராது.

இப்போது கருதுகோளின் மறுபாதி. நூற்றுக்கணக்கான 41-க்கும் 10016-க்கும் நடுவே, மஞ்சள் முக்கோணத்தில், கூச்சத்தோடு ஒரு 153 நின்றது. ஆதாரம்: டிஸ்க். ‘உள்ளீட்டு வெளியீட்டுச் செயல் மறுபடி முயலப்பட்டது.’ அவ்வளவே. கேட்டதை ஹார்டுடிஸ்க் முதல் தடவையில் தரவில்லை, திரும்பக் கேட்க வேண்டியிருந்தது என்று பொருள். ஒன்றிரண்டு என்றால் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். அழுத்திச் செருகினால் தீரும். நாளுக்கு நாள் பெருகி, கூடவே ‘பேட் பிளாக்’ என்னும் 7-ஆம் எண்ணும் தலைகாட்டினால் டிஸ்க் விடைபெறுகிறது. கடைக்காரர் சொன்ன ‘ஸ்லோ’ இதுதான். அவர் கண்ணை நிரப்பிய சிவப்பில் அது இல்லை. கேபிளை மாற்றினோம், 153 நிற்கவில்லை. அன்றிரவே கல்யாணப் பத்திரிகை மாதிரிகளையும் பில் கணக்கையும் வேறு டிஸ்கில் நகலெடுத்து, அடுத்த வாரம் எஸ்எஸ்டி போட்டோம். யூபிஎஸ்ஸுக்குப் பேட்டரியும் வாங்கச் சொன்னோம், ‘பாக்கலாம்’ என்றார்.

போர்டிலிருந்த சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனதால், கரண்ட் போன சில காலைகளில் கணினி 2009-க்குத் திரும்பி, பிறகு இணையம் வந்து நிகழ்காலத்துக்கு மீண்டிருந்தது. எனவே பதிவேட்டில் 2009-இன் செய்திகள் சென்ற மாதத்துக்குப் பின்னால் வருகின்றன. தொல்காப்பியர் காலத்தை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் சண்டையிட்டோர் இதைப் பார்த்தால் ஆறுதல் அடைவர்.

அயலக ஒப்பீடு ஒன்று. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்ட் மார்க் II கணினியின் ரிலேயில் சிக்கிய விட்டில்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள்; அந்த ஏடு இன்று அமெரிக்காவில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திமிரிக் கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸில் பல்லி விழுந்ததாக வாய்மொழிச் செய்தி உண்டு. பல்லி விழுந்த கணத்தில் எழுதுவதற்கு மின்சாரமே இல்லாமல் போனதால், ஆவணம் 41 என்ற வெற்று எண்ணோடு நின்றுவிட்டது.

இனி மூன்றாம் மரபினரின் தீங்கு. 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், பிற மாவட்டங்களில் பல நாள் பத்து மணி நேரத்தையும் தாண்டியது. அவ்வாண்டின் 6008-கள் அனைத்தும் கையிலிருந்தால், திமிரியில் எந்த நாள் எந்த நிமிடம் கரண்ட் போனது என்று வரிவரியாகத் தந்திருக்கலாம். பதிவேட்டின் இயல்பான கொள்ளளவு 20 எம்பி. நிரம்பினால் பழையது அழிந்து புதியது ஏறும். எஞ்சியதையும் ஃபார்மட் அடித்தார்கள். ஆகவே, 2012-இல் கெட்டுப்போய், அதன்பின் யாரும் தொடாத கணினி ஒன்று வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடந்த தோல் கிடங்கு ஒன்றிலிருந்து ஒரு சிபியு காயலான் கடைக்கு வந்திருப்பதாகத் துப்பு கிடைத்துப் போய்ப் பார்த்தோம். ஹார்டுடிஸ்க் மட்டும் போதும் என்றோம். தனியாகக் கழற்றித் தரமாட்டாராம். பெட்டியோடு எடை போட்டுத்தான் தருவாராம்.