ஒற்றைச்சாவிக்காரர்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், மேடவாக்கம் என்று விரியும் சென்னையின் தென்புறநகரில், பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டாவது சாவி இல்லை என்பதை நன்கறிந்தும், அதைப் போட்டுக்கொள்வதற்கு ஒரு நல்ல நாளை ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்து வாழும் குடும்பத்தலைவரை ஒற்றைச்சாவிக்காரர் என்று வரையறுக்கலாம். இவர் மறதிக்காரர் அல்லர்; சோம்பேறியும் அல்லர். கணக்குத் தெரிந்தவர் என்பதே இவருடைய நோய்க்கு மூலம்.

புதிய கார் கடையிலிருந்து வரும்போது இரண்டு சாவிகளுடன்தான் வருகிறது. அவற்றுள் ஒன்று முதல் உரிமையாளர் வீட்டு பீரோவில் எங்கோ அடங்கிவிட, மற்றொன்றோடு வண்டி கைமாறும் தருணத்தில், “இன்னொரு சாவி எங்க சார்? அது போடவே மூவாயிரம் ஆகுமே” என்று நம்மவர் எழுப்பும் கேள்வியால் விலையில் மூவாயிரம் குறைகிறது. அந்த மூவாயிரம் சாவிக்கென்று குறைந்த பணம் என்பது புரோக்கருக்குத் தெரியும், விற்றவருக்குத் தெரியும். நம்மவர் ஏட்டில் மட்டும் அது லாபம் என்று பதிவாகிறது. பதிவான லாபத்தை எடுத்துச் சாவிக்குக் கொடுப்பது நஷ்டம் அன்றோ?

எனினும், வீட்டம்மாளின் நச்சரிப்பால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர், தகரத்தில் செய்த பெரிய சாவியைத் தொங்கவிட்டுச் சாலையோரம் குடைக்கீழ் அமர்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போவதுண்டு. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் வாடிக்கையாளருக்கு வழங்கப்பட்ட மாருதி 800-இன் சாவி வெறும் பல் வெட்டிய உலோகத் துண்டுதான். அத்தகைய சாவிக்குப் பல் வெட்டாத சாவி ஒன்றும் ஓர் அரமும் போதும். அந்தக் காலத்து நியாயத்தை மனத்தில் கொண்டு, நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் கொடுப்பதில்லை என்ற உறுதியோடு நிற்கும் இவரிடம், “சாவி போட்டுடலாம் சார், கதவு திறக்கும், சிப் இல்லாம வண்டி எடுக்காது” என்று சாவிக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். நம்மவர் அதை வியாபாரப் பேச்சென்று தள்ளுகிறார். புதுச்சாவி கதவைத் திறக்கிறது, ஸ்டியரிங் பூட்டை விடுவிக்கிறது; எஞ்சின் மட்டும் உயிர் பெற மறுக்க, முகப்புப் பலகையில் சாவி வடிவ விளக்கொன்று மினுக்மினுக்கென்று கேலி செய்கிறது.

இங்கே இம்மொபிலைசர் என்னும் ஏற்பாட்டை விளக்க வேண்டும். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசிமணியைச் சற்றே பெரிதாக்கினாற்போன்ற ஒரு சிப் உறங்குகிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்குச் சிறிது மின்னாற்றலை ஊட்டி எழுப்ப, அது தன் அடையாள எண்ணைச் சொல்ல, அந்த எண் வண்டியின் கணினியிலுள்ள எண்ணோடு ஒத்தால்தான் எஞ்சினுக்கு அனுமதி கிடைக்கிறது. சிப்புக்குத் தனி பாட்டரி கிடையாது, பாட்டரி ரிமோட்டுக்குத்தான். பிரிட்டனில் 1998 அக்டோபரில் புதிய கார்களுக்கெல்லாம் கட்டாயமாக்கப்பட்ட இக்காவல், பிறகு நம்மூர்க் கார்களிலும் பரவிற்று. திருடனைத் தடுக்கப் பிறந்த கருவி சிக்கனக்காரரையும் சேர்த்துத் தடுக்கும் என்று அதைச் செய்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இதற்குப்பின் இவருடைய வாழ்க்கை ஒற்றைச்சாவியின் பராமரிப்பாகிறது. பிளந்துபோன ரிமோட் மூடியை ரப்பர் பாண்டால் கட்டி, மகன் கேட்டால் பைக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கல்யாண மண்டபத்தில் வண்டியை நிறுத்தித் தர வரும் இளைஞனைப் பகைவனைப்போல் பார்த்து, ஊருக்குப் போகும் உறவினரைக் கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்புமுன் சட்டைப்பையை மூன்று முறை தொட்டுப் பார்த்து இவர் செலவிடும் கவலைக்கு விலை போட்டால் நான்கு சாவிகள் வாங்கலாம்.

வியப்பு என்னவென்றால், இவருக்கு எல்லாம் தெரியும். ஒரு சாவி உயிரோடிருக்கும்போது இன்னொன்றைப் பழக்குவது எளிது. அந்த ஒன்றும் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், வண்டியை இழுத்துச் செல்லும் கூலி, சில வண்டிகளுக்குக் கணினியையே மாற்றும் செலவு என்று நீளும். வண்டி திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். இவையனைத்தையும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடையின்போது இவர் பிறருக்கு விரிவுரையாற்றுகிறார்; கேட்டவர்களில் இருவர் அன்றே போய்ச் சாவி போட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியில் நல்ல நாள் வந்தே விடுகிறது. வண்டியை விற்கத் தீர்மானித்த வாரத்தில், வாங்க வருபவர் தம்முடைய பழைய கேள்வியையே தம்மிடம் கேட்டு மூவாயிரத்தைக் குறைப்பார் என்ற ஞானம் உதிக்க, ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையுமாகச் சர்வீஸ் சென்டரில் நின்று, இதற்குள் ஆறாயிரமாகிவிட்ட தொகையைக் கட்டி, அசல் சிப்போடு இரண்டாவது சாவியை வாங்குகிறார். எட்டு ஆண்டு ஓட்டிய அந்தக் காருக்கு இவரிடம் இரண்டு சாவிகள் இருந்தது நான்கு நாள்தான்.