புரொபோசல் சார்

நாலு தொண்டு நிறுவனம் இருக்கிற ஊரில் ஒரு புரொபோசல் சார் கட்டாயம் இருப்பார். நாகப்பட்டினம் பக்கம் தடுக்கி விழுந்தால் அவர் மேல்தான் விழவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நிதி வந்து குவிந்த நாட்களில் தொழில் பழகியவர். தோளில் ஜோல்னாப் பை. உள்ளே வரிவிலக்குக்கான 12ஏ, 80ஜி சான்றிதழ்களின் ஜெராக்ஸ், ஒரு பென் டிரைவ்.

நிதி கேட்கும் திட்ட அறிக்கையை எவன் வேண்டுமானாலும் எழுதலாம், முகப்புக் கடிதத்துக்குத்தான் தான் வேண்டும் என்பது அவர் கட்சி. "நாற்பது பக்கத்தையும் எந்த அதிகாரி தம்பி படிக்கிறார்? முதல் பக்கத்தைத்தான் பார்ப்பார்." நியாயமான பேச்சு. ஆனால் அந்த முதல் பக்கத்தில் முதலில் மகாத்மா காந்தி வருவார். அடுத்து நிறுவனரின் தியாகம். பிறகு ‘பங்கேற்பு’, ‘முழுமையான வளர்ச்சி’, ‘விளிம்புநிலை’ எல்லாம் வரிசை கட்டும். யாருக்கு, என்ன, எவ்வளவு ரூபாய்? கடைசி வரி வரை மூச்சு விடமாட்டார். "பெண் பார்க்கப் போன இடத்தில் வாசலிலேயே வரதட்சணை பேசுவார்களா தம்பி?"

அவர் திட்டம் என்றைக்கும் ஒன்றே: பெண்களுக்கு ஆடு. சுனாமி காலத்தில் அது ‘வாழ்வாதார மறுசீரமைப்பு’. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-இல் சட்டம் வந்ததும் ‘பெண் தொழில்முனைவோர் மேம்பாடு’ ஆயிற்று. இப்போது ‘பருவநிலைத் தாங்குதிறன்’. ஆடு பாட்டுக்கு வேலியை மேய்ந்துகொண்டிருக்கிறது. கடிதமும் பழையதுதான், பெயரை மட்டும் மாற்றுவார். ஒருமுறை அதையும் மறந்து, சென்னைக் கம்பெனி ஒன்றின் ஜெர்மானியப் பாரம்பரியத்தை மனமுருகப் பாராட்டிவிட்டார்.

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். ஏதோ கையெழுத்துக்காக வந்தவரை வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி பிடித்துக்கொண்டாள். முதியோர் பென்ஷன் நின்றுபோயிற்றாம். சார் முழங்காலில் ஃபைலை வைத்து மளமளவென்று எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள். ‘எனக்கு வயது 71. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை பெற்று வந்தேன். மூன்று மாதமாக வரவில்லை. நிலுவைத் தொகை 3,600 ரூபாயை வழங்கி, தொடர்ந்து கிடைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். இணைப்பு: ஆதார் நகல், பாஸ்புக் நகல்.’ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பாட்டி முந்தானையை அவிழ்த்து இருபது ரூபாயை நீட்டினாள். சாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "போ பாட்டி, இதெல்லாம் ஒரு எழுத்தா?"