மூன்றாம் எச்சரிக்கைக்குப் பின் ஒரு டிரில்லிங் மிஷின்

வைகை அணைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது மீன் வறுவல் தின்ன, பூங்காவில் பிள்ளைகளை ஓடவிட, இரு கரைப் பூங்காவையும் சேர்க்கும் பாலத்தில் நின்று போட்டோ எடுக்க. 1959-இல் காமராஜர் திறந்துவைத்த நாள் முதலாகப் பழைய இரும்பு வாங்க இந்த ஊருக்கு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அதனால் உள்ளூர்க்காரன் ஒருவன் செகண்ட் ஹேண்ட் டிரில்லிங் மிஷின் தேடி அலைகிறான் என்ற சேதி டீக்கடைக்குப் போனதும் பெஞ்சு நிறைய ஆலோசகர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"எந்தப் பக்கம் சார் போர் போடுறீங்க? கிழக்காலயா?"

"போர் இல்லண்ணே. இரும்புல ஓட்டை போடுற மிஷின்."

"எத்தனை இன்ச்சு?"

"அரை இன்ச்."

"அரை இன்ச்சுல என்ன சார் தண்ணி வரும்?" என்றார் அவர், உண்மையான கவலையோடு. ஆயிரம் அடி இறக்கியும் புழுதி மட்டுமே கிளம்பிய கதை ஆண்டிபட்டிப் பக்கம் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது.

ரிட்டயர் ஆனபின் சிலர் கோயில் கமிட்டியில் சேர்கிறார்கள். சிலர் காலை நடையில் சர்க்கரை அளவு பேசுகிறார்கள். எனக்கு இரும்பு பிடித்துக்கொண்டது. வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு வைஸ், ஒரு கட்டிங் மிஷின், சின்னதாக ஒரு வெல்டிங் மிஷின். கேட்டுக்குக் கொண்டி, மோட்டாருக்கு அடித்தட்டு, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக் கதவுக்குக் கீல் என்று பொழுது போகிறது. குறை ஒன்றே ஒன்று, துளை. கை டிரில்லைப் பிடித்துக்கொண்டு கால் இன்ச் பட்டையில் 10 மில்லி துளை போட்டுப் பாருங்கள். மேலே நடுவில் நுழைகிற பிட் கீழே எந்த இடத்தில் வெளிவரும் என்பதை ஜோசியர்தான் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு நூல் இரும்புதான் பாக்கி என்கிறபோது பிட் மாட்டிக்கொள்ளும். டிரில் நின்றுவிடும், மணிக்கட்டு சுற்றும்.

டிரில்லிங் மிஷினில் இந்த வம்பில்லை. கனமான அடி, அதன்மேல் ஒரு தூண், தூணில் ஏறி இறங்கும் டேபிள், உச்சியில் மோட்டாரோடு தலை. டேபிளுக்கும் பிட்டுக்கும் 90 டிகிரி. கைப்பிடியை இறக்கினால் பிட் நேராக இறங்கும். புதிதாகவே வாங்கலாமே என்பீர்கள். ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போகிற எடையில் விற்கும் புது மிஷினைக் கடையில் பார்த்தேன். கைப்பிடியை அழுத்தினால் பிட் இரும்பில் இறங்குவதற்கு முன்னால் டேபிள் இறங்குகிறது. டிரில்லிங் மிஷினுக்குக் கனம்தான் குணம். கனமானதைப் புதிதாக வாங்க என் பென்ஷன் சம்மதிக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் அணையின் நடைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நீர் தேக்கும் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. அதற்குமேல் வருகிற தண்ணீர் அப்படியே வெளியே. எங்கள் வீட்டிலும் இதே முறைதான். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வாஷிங் மிஷின் நிற்கிற மூலையை அளந்தபோது முதல் எச்சரிக்கை விடப்பட்டது. "ஏங்க, அந்த மூலைல எதையாச்சும் கொண்டாந்து வச்சீங்க, அப்புறம் உங்க துணிய நீங்கதான் துவைக்கணும்."

ஆண்டிபட்டியில் ஒரு காயலான் கடையில் டிரில்லிங் மிஷின் கிடக்கிறது என்று தகவல். போனேன். இருந்தது. அடி இருந்தது, தூண் இருந்தது, டேபிள் இருந்தது. தலை இல்லை. தூணில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

"தலை எங்கண்ணே?"

"அது தனியாப் போயிருச்சு சார். மோட்டாரோட ஒருத்தன் கேட்டான், குடுத்துட்டேன்."

"தலை இல்லாம இதை வச்சு என்ன செய்ய?"

"என்ன இப்படிக் கேட்டுப்புட்டீங்க? இந்தா, ஆடு கட்டியிருக்கோம்ல. அசையுதா பாருங்க."

அசையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆடும் இழுத்துப் பார்த்துச் சலித்துப் படுத்திருந்தது.

தேனியில் ஒரு பட்டறையில் பார்த்தது இதற்கு நேர்மாறு. முழு மிஷின், பளபளவென்று பச்சைப் பெயிண்ட். பெயர்த்தகட்டின் எழுத்துமேலும் பெயிண்ட், ஸ்குரூவின் பள்ளத்திலும் பெயிண்ட். எண்ணெய் விடுகிற துளையைத் தேடினேன். அதையும் பெயிண்ட் மூடியிருந்தது. அந்த நிமிடமே நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் அவர் டீ சொல்லிவிட்டார்.

பழைய மிஷின் பார்க்கப் போகிறவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, மூட்டைப் பார்க்க வேண்டும். கைப்பிடியை முழுக்க இறக்கி, சுற்றுகிற தண்டான ஸ்பிண்டிலை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டவிட்டு, அதன் நுனியில் பிட்டைக் கவ்வுகிற சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டினேன். டக், டக் என்று ஆடியது.

"லூசா இருக்கேண்ணே."

"லூசு இருந்தாத்தான் சார் ஃப்ரீயா சுத்தும். 2,800 ஓடும் சார் இது!"

அந்த 2,800-தான் வேண்டாம் என்கிறேன். இரும்பில் துளை போட வேகம் கூடாது. மைல்ட் ஸ்டீலில் 6 மில்லி பிட்டுக்கு நிமிடத்துக்கு 1,300 சுற்று போதும், 12 மில்லிக்கு அதில் பாதி. பிட் பெருத்தால் வேகம் இளைக்க வேண்டும். மிஞ்சினால் முனை நீலம் பாரித்து மழுங்கிவிடும். பிறகு அது துளை போடாது, தேய்த்துச் சூடேற்றும். ஆகவே விற்கிறவரிடம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்காதீர்கள், எவ்வளவு மெதுவாக ஓடும் என்று கேளுங்கள். அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

பையிலிருந்து டயல் கேஜை எடுத்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "சார் எந்த ஆபீஸு?" ஆபீஸ் எதுவும் இல்லை, வீடுதான் என்றேன். நம்பவில்லை. காந்த ஸ்டாண்டை டேபிளில் ஒட்டி, சக்கில் நேரான கம்பி ஒன்றை மாட்டி, கையால் மெல்லச் சுற்றினேன். கேஜில் ஒரு கோடு என்றால் ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு. வீட்டு வேலைக்கு ஐந்து, பத்து கோடு ஊசி அலைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இதில் 40 கோடு அலைந்தது. சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலிலேயே வைத்துப் பார்த்தேன், அப்போதும் குறையவில்லை. சக் கெட்டிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பிண்டில் கெட்டால் மிஷினையே மாற்ற வேண்டும். "பெயிண்டுக்கே நாலாயிரம் ஆச்சு சார்" என்றார் அவர், வழியனுப்பும்போது. அது மட்டும் நிஜமாக இருக்கும்.

இரண்டாம் எச்சரிக்கை நான் கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது வந்தது. "ஓட்டை வாங்க கோயமுத்தூரு போற ஒரே மனுசன் நீங்கதான்." போகாமல் என்ன செய்வது? 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைச் செய்த ஊர் அது. பஞ்சாலை, ஃபவுண்டரி, பம்பு செட்டு என்று இத்தனை தொழில் நடக்கிற இடத்தில் பழைய மிஷினுக்கா பஞ்சம்? வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, பொள்ளாச்சி என்று உலுக்கி எடுத்த பஸ் என்னை உக்கடத்தில் விட்டது. அங்கே பழைய இரும்புச் சந்தைக்குள் நுழைந்தால் என்னைப் போன்றவனுக்கு அது திருவிழாக் கடைத்தெரு. பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது, குஜராத்தின் ராஜ்கோட்டில் வார்த்தது, எங்கே வார்த்ததென்று அதற்கே மறந்துபோனது என்று வரிசையாக நின்றன.

ஒரு கடைக்காரர் என்னை ஓர் எச்.எம்.டி. ரேடியல் டிரில் முன்னால் நிறுத்தினார். "ஒருக்கா வாங்கிட்டீங்கன்னா பேரன் காலத்துக்கும் வருமுங்க. ஊட்டுக்கே எடுத்துக்குங்க." அதை வீட்டுக்குள் வைக்க முடியாது, வேண்டுமானால் அதன் கைக்குக் கீழே எங்கள் வீட்டை வைக்கலாம். சின்னதாகக் கேட்டேன். காட்டினார், நல்ல மிஷின்தான். மரியாதையாக விலை சொன்னார், மரியாதைக்கும் சேர்த்து விலை சொன்னார். லாரி வாடகையையும் ஏற்றுக்கூலியையும் கூட்டினால் மிஷின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெறும் கையோடு திரும்பினேன் என்று சொல்லக் கூடாது. 13 மில்லி வரைக்குமான பழைய அடிசன் பிட்டுகள் ஒரு டப்பா கிடைத்தன. சென்னையில் செய்தவை, சாணை பிடித்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

நண்பர் ஒருவர் ஏலத்தில் எடுக்கச் சொன்னார். அரசு நிறுவனங்களின் கழிவு இரும்பையெல்லாம் எம்.எஸ்.டி.சி. ஆன்லைனில் ஏலம் விடுகிறதே, அதைப் பார் என்றார். பார்த்தேன். ஏலம் 'லாட்' கணக்கில். டிரில்லிங் மிஷின் மட்டும் வேண்டும் என்றால் கூடவே வருகிற உடைந்த நாற்காலி, பீரோ, கேபிள், டன் கணக்கில் தகரம் எல்லாவற்றுக்கும் நான்தான் சொந்தக்காரன். மூன்று எச்சரிக்கை போதாது, நாலாவதாக ஒன்றை உண்டாக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது பக்கத்திலேயே. தேனிப் பக்கம் மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றின் சாமான்களைக் காண்ட்ராக்டர் ஒருவர் மொத்தமாக எடுத்திருந்தார். அங்கே முன்பு ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர் சொல்லித்தான் போனேன். மெயின்டனன்ஸ் ரூம் மூலையில், சிலந்தி வலைக்குப் பின்னால், ஆளுயரத்துக்குப் பட்டாலா பில்லர் டிரில்லிங். 25 மில்லி வரை போடும். பெயிண்ட் பாதி இல்லை. டேபிள் முழுக்கத் துளை. அடியில் மரக்கட்டை வைக்காமல் அழுத்திய ஒவ்வொரு ஐ.டி.ஐ. அப்ரண்டிஸும் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஒரு இடத்தில் பாதிப் பிறை மாதிரி, ஒரு இடத்தில் சரம் சரமாக. கூட வந்த என் மச்சினன், "இந்தச் சல்லடைக்கா காசு குடுக்கப் போறீங்க மாமா?" என்று காதைக் கடித்தான்.

ஸ்பிண்டிலை நீட்டி ஆட்டினேன். ஆடவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினேன். பேரிங்கில் கரகரப்பு இல்லை. எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்தால் விரலில் எண்ணெய் ஒட்டியது. கேஜ் நாலு கோடு காட்டியது. "தெனம் காலைல இதுக்கு எண்ணெய் விட்டுட்டுத்தான் சார் நான் டீக்கே போவேன்" என்றார் பெரியவர். டேபிளில் இருந்தது ஓட்டியவர்களின் அவசரம்; ஸ்பிண்டிலில் இருந்தது இவருடைய பொறுமை. டேபிள் துளைகள் வேலைக்கு இடைஞ்சலே இல்லை, மேலே ஒரு வைஸை முடுக்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் பேரத்துக்கு அவை ரொம்ப ஒத்தாசை. ஒவ்வொரு துளையாகக் காட்டி விலையைக் குறைத்தேன். காண்ட்ராக்டர் மோட்டாருக்குள் இருக்கிற காப்பரைச் சொல்லி ஏற்றினார். எடைக்கணக்குக்கு மேலே கொஞ்சம் என்று 11,000 ரூபாயில் முடிந்தது.

குட்டியானை டிரைவர் நிற்கவைத்தே கொண்டுபோய்விடலாம் என்றார். இந்த மிஷினுக்குப் பாரமெல்லாம் தலையில். வளைவில் சாய்ந்தால் குட்டியானையும் சேர்ந்து சாயும். மோட்டாரைக் கழற்றி, டேபிளைக் கீழே இறக்கிக் கட்டி, மல்லாக்கப் படுக்கவைத்து, ஆண்டிபட்டி வழியாக ஒவ்வொரு வேகத்தடையிலும் கும்பிட்டுக்கொண்டே வந்தோம். வாசலில் மூன்றாம் எச்சரிக்கை காத்திருந்தது.

"என்னங்க இது, அணைல இருந்து ஷட்டரக் கழட்டிட்டு வந்துட்டீங்களா?"

மோட்டார் த்ரீ ஃபேஸ், வீடு சிங்கிள் ஃபேஸ் என்ற சங்கதியை நான் அப்போது சொல்லவில்லை. வாஷிங் மிஷின் இடம் மாறியபிறகு சொன்னேன். மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை. இந்த மாதிரிச் சின்ன மோட்டார்களை 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருப்பார்கள். இணைப்பை டெல்டாவுக்கு மாற்றினால் 230-இல் ஓடும். காயில் கட்டுகிற கடையில் அதைச் செய்துகொண்டு, சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கிற டிரைவ் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினேன். கூடுதல் லாபமாக, வேகத்தைத் திருகியே குறைக்கலாம். "நூறு யூனிட்டு ஃப்ரீ கரன்ட்டையும் அது தின்னட்டும்" என்று ஆசீர்வாதம் கிடைத்தது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோளில் துண்டு, கையில் கிளவுஸ் இரண்டும் இதன் பக்கத்தில் கூடாது. சுற்றுகிற பிட் துணியைப் பிடித்தால் ஆளையும் இழுக்கும். தகட்டைக் கையால் பிடிக்காதீர்கள், வைஸில் பிடியுங்கள். புதுப் பெயிண்ட் அடித்ததை வாங்காதீர்கள். டேபிளில் துளை இருந்தால் பயப்படாதீர்கள், ஸ்பிண்டில் ஆடினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. ஸ்பிண்டிலின் உள்ளே சக்கின் வால் போய் உட்காரும் கூம்பு, மோர்ஸ் டேப்பர். ஸ்டீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1860-களில் கொடுத்துவிட்டுப் போன அளவு. பட்டாலா மிஷினும் அதைத்தான் கேட்கிறது. அதில் உட்கார்ந்த சக்கை எடுக்க, ஸ்பிண்டிலின் பக்கச் சந்தில் ஒரு சாய்வுத் தகட்டைச் செருகித் தட்ட வேண்டும். டிரிஃப்ட் என்பார்கள். மிஷினோடு அது வரவில்லை. எந்த மூட்டையோடு எடைக்குப் போனதோ. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி வட்டாரத்தில் மூடிய பட்டறை யாருடையதாவது இருந்தால், டூல்ஸ் பெட்டியை இரும்புக்கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் ஒருமுறை கொட்டிப் பாருங்கள். இரண்டாம் நம்பர் டேப்பருக்கானது எனக்கு வேண்டும். கடை விலையே தருகிறேன், பேரம் பேச மாட்டேன்.