கடற்பறவை காண் படலம்: ‘மூன்று மணி’ என்னும் கூவல் குறித்த ஓர் ஆய்வு

படகேறிக் கடற்பறவை பார்ப்பது குறித்து முறையான ஆய்வு தேவைப்படுகிறது. பறவைகளை ஆராய ஆட்கள் இருக்கிறார்கள்; பார்க்கப் போனவர்கள்தாம் விடுபட்டுப் போனார்கள்.

தமிழில் எந்த ஆய்வும் சங்க இலக்கியத்தில் தொடங்குவது மரபு; பட்டம் வேண்டுமானால் விதி. நல்ல வேளையாக நமக்கு நெய்தல் இருக்கிறது. நிலம், கடலும் கடல் சார்ந்த இடமும். பறவை, கடற்காகம். உரிப்பொருள், இரங்கல். விடியலில் விசைப்படகேறி, கரை மறைந்தபின் அணியத்தில் நிற்போரின் முகத்தைப் பார்த்தவருக்கு, இரங்கலை ஏன் நெய்தலுக்கு ஒதுக்கினார்கள் என்பது விளங்கிவிடும். அதைத் தலைவியின் பிரிவாற்றாமை என்று கொண்டவர்கள் கரையில் உட்கார்ந்தே உரை எழுதியிருக்க வேண்டும்.

பயணியர் மூவகைப்படுவர்: கண்டோர், காணாதோர், கவிழ்ந்தோர்.

கண்டோரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கவிழ்ந்தோர், படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நேர்கீழே உள்ள கடலை மட்டும் காண்பவர். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்ல, கண் வேறொன்றைச் சொல்வதால் வரும் கேடு இது. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் சென்ற டார்வின் இவ்வகையினரில் தலையாயவர். எனவே கவிழ்ந்தோர் தம் அறிவைப் பற்றி ஐயுற வேண்டியதில்லை. பறவைகளை வரவழைக்க மீன் எண்ணெயையும் குடலையும் கடலில் கொட்டும் வழக்கம் இவர்களின் தொகையைப் பெருக்குகிறது. பெட்ரல், ஷியர்வாட்டர் முதலிய குழாய்மூக்குப் பறவைகள் அந்த வாடையை வெகுதொலைவிலேயே மோப்பம் பிடித்து வந்துவிடும். மனிதர்கள் அதே வாடையைக் கண்டு விலகுவார்கள். படகில் விலக இடமில்லை.

இனி, காணாதோர். இவர்களே இவ்வாய்வின் உயிர்நிலை. இவர்களை உண்டாக்குவது கடிகார முறை. படகின் முன்பக்கம் பன்னிரண்டு, பின்பக்கம் ஆறு, வலம் மூன்று, இடம் ஒன்பது. ஒருவர் “மூன்று மணி!” என்று கூவுகிறார். முதற்கொள்கையார் அணியத்தைப் பன்னிரண்டாகக் கொண்டு வலப்பக்கம் திரும்புவர். இரண்டாம் கொள்கையார் தம் மூக்கையே பன்னிரண்டாகக் கொள்வதால், படகில் எத்தனை மூக்கோ அத்தனை பன்னிரண்டு. மூன்றாம் கொள்கையார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் எட்டுகூட ஆகலையே” என்பர். இதற்கிடையில் டிரைவர் நல்லெண்ணத்தோடு பறவையை நோக்கிப் படகைத் திருப்பிவிடுகிறார். மூன்றில் இருந்த பறவை பன்னிரண்டுக்கு வந்துவிடுகிறது, எல்லோரும் மூன்றுக்கு ஓடுகிறார்கள், படகு சாய்கிறது.

திரிந்தது பறவையா, மணியா? ‘இரண்டுமல்ல, படகே’ என்பது, பயணியர் கைக்குக் கிடைத்ததில் எழுதிவைத்த குறிப்புகளுள் பிஸ்கட் உறைப் பிரதியின் பாடம் (பின்பக்கம், எண்ணெய்க் கறைக்குக் கீழே, மூன்றாம் வரி). இதை மறுக்கும் தண்ணீர்ப் பாட்டில் பிரதி உப்புநீர் பட்டுப் பாதி அழிந்துவிட்டது; அழிந்த பாதியில்தான் வலுவான வாதம் இருந்தது என்கிறார் அதன் ஆசிரியர். இவ்விரண்டையும் சீர்தூக்கி முடிவு சொல்லும் மூன்றாம் பிரதி, வாந்திப் பையின் உட்புறத்தில் எழுதப்பட்டது. கட்டிய பையை அவிழ்த்துப் பார்க்க எந்த ஆய்வாளரும் இதுவரை முன்வரவில்லை. ஆனால் எல்லோரும் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார்கள்.

படகில் வந்த மீனவர் ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். பறவை கூடும் இடத்தில் மீன் இருக்கும் என்பதால் பறவையைப் பார்ப்பது அவர் தொழிலிலேயே அடங்கியது. அவர் விரல் நீண்ட திசையில் பார்த்தவர்களுக்குப் பறவை தெரிந்தது. இம்முறைக்கு ஆய்வுலகில் பெயர் இல்லாததால் இங்கே கணக்கில் சேர்க்கப்படவில்லை.

பறவை வில்சன் பெட்ரல் என்பது பெரும்பான்மையோர் துணிபு. அண்டார்க்டிகாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, நம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு வரும் பறவை. எடை சுமார் 40 கிராம். அலைமேல் காலைத் தட்டித் தட்டி இரை பொறுக்கும். ஸ்குவா என்று ஒருவர் சாதித்தார். அவர் பேராசிரியர் என்பதால் அதுவும் பட்டியலில் ஏறியது. சான்றாக எடுத்த படத்தில் கடல் நன்றாக விழுந்திருக்கிறது.

பறவையைக் கண்டவர் தம் குறிப்பேட்டில் இனம், நேரம் என ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காணாதோர் எழுதிய கூட்டுக் கட்டுரையின் முன்னுரை மட்டும் அச்சாகிவிட்டது. ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் இடுவதா, பதவி வரிசையில் இடுவதா, கவிழ்ந்த வரிசையில் இடுவதா என்பது தீராததால், இப்பகுதி தனியே வெளியாகிறது. மற்றவர்களின் மறுப்பு அடுத்த இதழில் வரும். இதைவிட நீளம் என்று கேள்வி.